பத்தொன்பது மில்லிமீற்றர்

"அளந்துபோட்டு என்ன செய்யப்போறீங்க, மிஸ்?"

ஈச்சிலம்பற்றுப் பக்கத் தாய், 22 வாரம், வயிற்றில் இரட்டை. ஸ்கேனில் அளந்து, கருப்பைக் கழுத்து 19 மில்லிமீற்றர்தான் இருக்கிறது, கட்டையாகிவிட்டது, பிள்ளைகள் முந்திப் பிறந்துவிடலாம் என்று நான் சொல்லி முடித்ததும் கேட்டா. கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டா.

"முன்னமே தெரிஞ்சா ஆயத்தமா இருக்கலாம், தங்கச்சி" என்றேன்.

அது பொய்யல்ல. ஆனால் எதற்கு ஆயத்தம்? வயிற்றுப் பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கும் டெக்ஸாமெதசோன் ஊசியை 22 வாரத்தில் போட்டுச் சேமித்து வைக்க ஏலாது. போட்டு ஒரு கிழமைக்குள் பிரசவமானால்தான் அதன் முழுப் பலனும். கழுத்து திறக்காமல் இருக்கத் தையல் போடலாமா? ஒற்றைப் பிள்ளைக்கும் இரட்டைக்கும் ஒரே கணக்கில்லை. கழுத்துக் கட்டையான இரட்டைத் தாய்மாருக்குத் தைத்தபோது குறைமாதப் பிரசவம் கூடியதாகவே பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. கட்டிலில் படுத்தே கிடப்பதும் உதவாது.

மிச்சம் புரோஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் மருந்து. டொக்டர் சேர் கிளினிக் கொப்பியில் எழுதினார், இரவில் யோனிக்குள் வைக்கச் சொல்லி. கழுத்து 25 மில்லிமீற்றரும் அதற்குக் குறைவுமாக இருந்த 303 இரட்டைத் தாய்மாரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 33 வாரத்துக்கு முந்திய பிரசவங்கள் குறைந்தன என்றார்கள் 2017இல். அந்தத் தாய்மாரில் பெரும்பங்கு ஒரே ஆய்விலிருந்து வந்தவர்கள். நம்புவதா விடுவதா என்று நாங்கள் தேநீர் மேசையில் சண்டை பிடிப்போம். "கெடுதல் செய்யாது, குடு" என்பது சேரின் முடிவு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

சொன்ன எண்ணாவது உறுதியானதா? 2010இல் வந்த தொகுப்பாய்வின்படி, 20 முதல் 24 வாரத்துக்குள் கழுத்து 20 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவு என்றால், 32 வாரத்துக்கு முன் பிரசவமாகும் வாய்ப்பு 100க்கு ஏழு போல இருந்தது 42 போல உயர்கிறது. பயங்கரமான ஏற்றம்தான். ஆனாலும் நூறில் 58 பேர் 32ஐத் தாண்டுகிறார்கள். மறுபக்கம், 32க்கு முன் பெறுபவர்களில் இந்த அளவுகோலுக்குள் சிக்குபவர்கள் 39 சதவீதம்தான். மற்றவர்களை "நல்லா இருக்கு" என்று சொல்லித்தான் நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

இதை அவவிடம் விளக்கினேன், விளங்குமளவுக்கு. ஆனால் அவ கொண்டுபோனது பத்தொன்பதை மட்டும்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, திருகோணமலைப் பாலையூற்றில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டா. நடமாடலாம் என்று நான் சொல்லியிருந்தும் மாமி கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாவாம். மூத்தவன் அந்த ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போனான், தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு. அது அவவுக்குப் பெரிய குறை. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் பேசினா, வயிற்றைப் பற்றியல்ல.

36 வாரத்தில் தானாக வலி வந்து இரண்டு பெண் பிள்ளைகள். இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும், ஆகவே அது பிந்தாத, முந்தாத பிரசவம். பிறகு மாமியும் அவவும் மூதூர்த் தயிர்ச் சட்டியோடு வந்தார்கள். "நீங்க அளந்ததாலதான் மிஸ்" என்றா. தயிரை வாங்கினேன் (நல்ல கட்டித் தயிர்). அந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. புரோஜெஸ்ரரோனா, வெறும் அதிர்ஷ்டமா, அல்லது அந்த 58 பேரில் அவவும் ஒருத்தியா? மாமி கட்டிலின் வெற்றி என்றே நினைக்கிறா. அடுத்த மருமகளையும் கட்டிலில் போடுவா.

ஒன்றை மட்டும் என் பக்கத்தில் வைத்து வாதாடுவேன். அவ ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்தா. 28 வாரத்தில் வலி வந்திருந்தால், 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக டெக்ஸாமெதசோன் ஊசி நான்கையும் போட்டு முடிக்க நேரம் கிடைத்திருக்கலாம். கிண்ணியாப் பாலமில்லாமல் பாதை எனும் மிதவைக்குக் காத்திருந்த காலத்தை இங்கு எல்லோரும் அறிவோம். இன்றைக்கும் ஈச்சிலம்பற்றிலிருந்து இரவில் வருவது இலேசில்லை. சரி, ஆனால் கிட்ட வந்து இருங்கள் என்று சொல்ல ஸ்கேன் எதற்கு? தூரத்திலிருந்து வரும் எந்த இரட்டைத் தாய்க்கும் அதைச் சொல்லலாமே. சொன்னால் வருவார்களா என்பது வேறு கதை. எண் ஒன்றைக் காட்டியதால்தான் அந்தக் குடும்பம் அசைந்தது. பயந்து அசைந்தது.

இப்போது அளப்பதற்கு முன்பே எல்லோரிடமும் கேட்கிறேன்: அளவைச் சொல்லவா, வேண்டாமா? அளந்த பிறகு கேட்டால் என் முகமே சொல்லிவிடும். முன்கூட்டிக் கேட்பதும் தீர்வாகத் தெரியவில்லை. வேண்டாம் என்றவவுக்கு 18 வந்தால், புரோஜெஸ்ரரோனை என்ன காரணம் சொல்லிக் கொடுப்பது? போன கிழமை ஒருத்தி, "கொப்பியில எழுதுங்க மிஸ், எனக்குச் சொல்லாதீங்க" என்றா. எழுதினேன். கொப்பியை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டா.