எடைக்குப் பின்னால் இருந்தது: என் பிசிஓஎஸ் பரிசோதனைகள்

எனக்கு இருப்பது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் தாடையோரம் முடி முளைப்பதற்கும் எல்லோரும் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: எடையைக் குறை. ஏன், எப்படி என்று விளக்கியவர் யாருமில்லை. ஹார்மோன் சிகிச்சை நிபுணர் ஒருவர்தான் முதன்முறையாக என் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். பின்கழுத்தில் படர்ந்திருந்த கருமையைப் பார்த்தார். ஸ்கேனுடன் ரத்தப் பரிசோதனைகளும் எழுதினார். தைராய்டு கோளாறாலும், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் கோளாறாலும் மாதவிடாய் தவறும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொன்னார்.

குளுக்கோஸ் பரிசோதனைதான் கடினம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். தொண்டையைக் கட்டும் தித்திப்பு. குமட்டலை அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாகவே இருந்தது. இரண்டாவது மணி நேர அளவோ இயல்பின் எல்லையான 140ஐத் தாண்டியிருந்தது. முதல் ரத்தத்தோடு நிறுத்தியிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது. கொழுப்புப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு.

மருத்துவர் ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத கொழுப்புச் செல்கள், கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவை கல்லீரலிலும் தசையிலும் சேர, அங்கும் இன்சுலின் எடுபடுவதில்லை. ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்களைப் பெருக்குகிறது. அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உருவாக்கும்படியும் செய்கிறது. ஆண்ட்ரோஜன் கூடினால் கொழுப்பு மறுபடி வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. ஒல்லியான பெண்களுக்கும் இந்த இன்சுலின் கோளாறு இருக்கலாம் என்றார். அதைக் கேட்டபோது, இத்தனை காலம் என் மனக்கட்டுப்பாட்டைக் குறைசொன்னவர்கள் மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியும் என்பதால் அதையே இலக்காக வைத்தார். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, சாப்பாட்டோடு, இன்சுலின் நன்றாக எடுபட உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை. தொடக்கத்தில் வயிறு புரட்டியது; அளவைக் குறைத்து மெல்ல ஏற்றியதும் அடங்கியது.

பிசிஓஎஸ் என்று உறுதியானவர்கள், ஸ்கேனோடு வீடு திரும்பாமல் குளுக்கோஸ், கொழுப்புப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். சர்க்கரையை ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். எனக்கு இப்போது மாதவிடாய் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. முடி வளர்ச்சி மட்டும் இன்னும் குறையவில்லை. அதற்குப் பல மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார்.