ரசம் வைக்கிற நாயகன்

தருமபுரியில் ஏறியதிலிருந்து காவேரிப்பட்டணம் தாண்டும் வரை பக்கத்து சீட்டுப் பெண் கைபேசியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. கழுத்தில் ஓசூர் கம்பெனி அடையாள அட்டை.

எட்டிப் பார்த்தேன். தப்புதான். நான் படிக்கும் அதே காதல் தொடர்!

நாயகன் கோபத்தில் நாயகியின் கையை முறுக்கும் இடம். இந்தப் பெண்ணின் கட்டைவிரல் சர்ரென்று நாலு பக்கம் தள்ளியது. நாயகிக்குக் காய்ச்சல் வந்து அவன் மிளகு ரசம் வைக்கிற இடத்தில் நின்றது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

அந்த ரசத்துக்காகத்தான் நானும் படிக்கிறேன்.

இப்போதைய நாவல்களில் நாயகிகள் மாறிவிட்டார்கள். இஎம்ஐ கட்டுகிறார்கள், விவாகரத்துக்கு அப்புறமும் காதலிக்கிறார்கள். நாயகன்தான் அதே ஆள். ஆறடி, பத்து கம்பெனி, ஓயாத கோபம். கட்டாயத் தாலி கட்டினாலும் கடைசி அத்தியாயத்தில் மன்னிப்பு உறுதி.

கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் மண்டி வைத்திருப்பவன், மாம்பால் பட்டுக் கறுத்த கையோடு காதலைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் இறங்க எழுந்தபோது அவள் நிமிர்ந்தாள்.

“அக்கா, நீங்களும் படிக்கிறீங்கதானே? அடுத்த பாகம் எப்ப வரும்?”