இயர் 4-உடன் முடியும் சர்ச் பள்ளி: தரம் பார்ப்பதும் இடம் வாங்குவதும்

இங்கிலாந்திலேயே ஃபர்ஸ்ட் ஸ்கூல் எல்லா ஊரிலும் கிடையாது. நார்தம்பர்லாந்து, வூஸ்டர்ஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர், டோர்செட்டின் சில பகுதிகள், விண்ட்சர் போன்ற, மூன்றடுக்கு முறை (ஃபர்ஸ்ட், மிடில், ஹை ஸ்கூல்) மிச்சமிருக்கும் இடங்களில்தான் உண்டு. ரிசெப்ஷன் என்னும் முதல் வகுப்பில் 4 வயதில் சேரும் பிள்ளை இயர் 4 முடித்து, 9 வயதில் மிடில் ஸ்கூலுக்குப் போய்விடும். தலைவலி இங்கேதான் ஆரம்பம். பெற்றோர் ஒப்பிட்டுப் பேசும் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வு இயர் 6-இல் வருகிறது. அரசின் ஒப்பீட்டுத் தளத்தில் ஃபர்ஸ்ட் ஸ்கூல் பெயரைப் போட்டால் அந்த மதிப்பெண்கள் இருக்காது. அதை வைத்துப் பள்ளி மோசம் என்று நினைத்துவிடக் கூடாது. இயர் 2 சாட்ஸும் 2023-24 முதல் கட்டாயமில்லை.

மிஞ்சுவது இரண்டு சோதனைகள். இரண்டின் முடிவுகளையும் ஓப்பன் டேயில் தலைமை ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கேட்டுப் பயனில்லை. வகுப்பில் 15 பேர்தான் என்றால் இரண்டு பிள்ளைகள் தடுமாறினாலே சதவீதம் சரிந்துவிடும். மூன்று வருடக் கணக்கு கேளுங்கள்.

முதலாவது இயர் 1 ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கும் சோதனை. 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாதவை, பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். 2012-இல் தொடங்கியதிலிருந்து தேர்ச்சிக்கோடு 32. வீட்டில் சொற்களை உருவம் பார்த்தே மனப்பாடம் செய்து சரளமாக வாசிக்கும் பிள்ளைகள்கூட இங்கே சறுக்குவார்கள். ‘ஸ்ட்ரோம்’ என்று எழுத்துக்கூட்ட வேண்டியதை, தெரிந்த சொல்லாக்கி ‘ஸ்டார்ம்’ என்று படித்துவிட்டு நிமிர்வார்கள், மதிப்பெண் கிடைக்காது. நல்ல பள்ளியில், அந்த வாரம் சொல்லிக்கொடுத்த ஒலிகள் உள்ள புத்தகம்தான் பிள்ளையின் பைக்குள் வீட்டுக்கு வரும். பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போது ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். வரிக்கு வரி படத்தைப் பார்த்து ஊகித்தால், புத்தகமும் பாடமும் ஒட்டவில்லை என்று பொருள்.

இரண்டாவது இயர் 4 பெருக்கல் வாய்ப்பாடு. 12-ஆம் வாய்ப்பாடு வரை, கணினித் திரையில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 நொடி. தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்றில்லை. நம் வீடுகளில் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ராகத்தோடு ஒப்பிக்கப் பழகிய பிள்ளை, 7×8 கேட்டால் ஏழொன்று ஏழில் தொடங்கும். பாதியிலேயே நேரம் முடிந்துவிடும். இடையிலிருந்து தாவிக் கேட்டுப் பழக்க வேண்டும்.

அடுத்தது அறிக்கைகள். சர்ச் பள்ளிக்கு இரண்டு வகை ஆய்வு உண்டு. பாடம், நடத்தை, நிர்வாகம் எல்லாம் பார்ப்பது அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட். 2024 செப்டம்பரோடு ஒற்றைச் சொல் தீர்ப்பு போய், 2025 நவம்பர் முதல் பிரிவுவாரியான ரிப்போர்ட் கார்டு வந்துவிட்டது. ஆகவே அறிக்கையின் தேதியை முதலில் பாருங்கள். பழைய ‘அவுட்ஸ்டாண்டிங்’ பேனர் கேட்டில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். சர்ச் பள்ளி என்கிற அடையாளத்துக்கும் வழிபாட்டுக்கும் தனியாக சையம்ஸ் ஆய்வு (ஆங்கிலிகன், மெதடிஸ்ட் பள்ளிகளுக்கானது). அதை ஏனோ பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பள்ளியின் அன்றாட மனநிலை அதில்தான் ஓரளவு தெரியும்.

கிராமத்துப் பள்ளிகளில் இயர் 1-2 ஒரே வகுப்பு, இயர் 3-4 ஒரே வகுப்பு என்பது சகஜம். அது குறையில்லை. பாடங்களை இரண்டு வருடச் சுழற்சியில் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், பிள்ளை ஒரே பாடத்தை இரண்டு முறை படித்து, இன்னொன்றைத் தொடாமலே போய்விடும்.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் எல்லாமே பள்ளி கன்ட்ரோல்டா, எய்டெடா என்பதைப் பொறுத்தது. கன்ட்ரோல்ட் என்றால் சேர்க்கை விதிகள் பொதுவாகக் கவுன்சிலுடையவை. சமய பாடமும் உள்ளூர்ப் பாடத்திட்டப்படி. எய்டெட் என்றால் சேர்க்கை விதி வகுப்பது பள்ளி நிர்வாகக் குழு. சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கு முன்னுரிமை இருக்கலாம். அதற்குத் தனி துணைப் படிவம், பாதிரியார் கையெழுத்து. எத்தனை மாதம் சர்ச்சுக்குப் போயிருக்க வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். இந்து, முஸ்லிம் குடும்பங்களும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இடம் மீதமிருந்தால் மதம் காட்டி மறுக்க முடியாது. தினசரி வழிபாட்டிலிருந்தும் சமய பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் உரிமை உண்டு.

பொதுப் படிவம் ஜனவரி 15-க்குள் நீங்கள் வசிக்கும் கவுன்சிலுக்குப் போக வேண்டும், பள்ளி பக்கத்துக் கவுன்சிலில் இருந்தாலும். அதிகம் நடக்கும் தவறு, துணைப் படிவத்தைப் பள்ளியில் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுவது. இன்னொன்று, ஒரே பள்ளியை மட்டும் எழுதுவது. அப்படி எழுதினால் வாய்ப்பு அதிகமாகாது. அது கிடைக்காவிட்டால் கவுன்சில் எங்கே இடமிருக்கிறதோ அங்கே தள்ளும். ஏப்ரல் 16 முடிவு வரும். மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இயர் 2 வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்டம். அந்த எண்ணிக்கையைக் காட்டி மறுத்திருந்தால், விதியைத் தவறாகக் கையாண்டார்கள் என்று நிரூபித்தாலொழிய ஜெயிப்பது கடினம்.

இயர் 4-இல் மிடில் ஸ்கூலுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். இடம் தானாக வராது.