ஒரு ஜீரோ

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதிய சி கோடின் ரிவ்யூவில் நான் போட்ட கமெண்ட் ஒரே வரி: "ஸ்ட்ர்காப்பி வேண்டாம், ஸ்ட்ர்என்காப்பி போடுங்கள்." இரண்டுமே எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன்கள். 'என்' உள்ளதில் அதிகபட்சம் எத்தனை எழுத்து என்று எல்லை சொல்லலாம். என் கமெண்டைப் படித்துவிட்டு அந்தப் பெண் என் இடத்துக்கே வந்து கேட்டாள். "சார், பேர் சரியா 16 எழுத்து வந்துட்டா கடைசில ஜீரோ விழாதே?" நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ்வளவு நீளமா யாரும் பேர் வைக்க மாட்டாங்கம்மா" என்றேன். "சரி சார், மாத்திடறேன்" என்று போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தன் பம்ப் ஹவுஸுக்கு அப்படியொரு பெயர் வைத்தார். நார்த்பம்ப்ஹவுஸ்02. ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக 16 வரும். பெயருக்கு நாங்கள் ஒதுக்கிய இடமும் 16 பைட். அது நிரம்பியதும் ஸ்ட்ர்என்காப்பி நின்றுவிட்டது. பெயர் இங்கே முடிகிறது என்று காட்டும் ஜீரோவுக்கு இடமே இல்லை. விவரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கும் ஸ்ட்ரக்சரில் அதை ஒட்டி இருந்தது ஆபரேட்டரின் ஃபோன் நம்பர். பெயரைப் படிக்கப் போன புரோகிராம் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அந்தப் பத்து எண்களையும் சேர்த்துப் படித்தது. அலாரம் பட்டியலில் அப்படி ஒரு பெயர் கிடையாது. எஸ்எம்எஸ் போகவில்லை. தொட்டி நிரம்பி விடிய விடியத் தண்ணீர் வழிந்தது.

மீட்டிங்கில் "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். 'என்' இருந்தால் பத்திரம் என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் கோடிங் விதிகளிலும் அப்படித்தான் இருந்தது. தவிர, அவள் முதலில் எழுதிய ஸ்ட்ர்காப்பியே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். 16 எழுத்தைத் தாண்டிப் பதினேழாவது பைட்டில், அதாவது ஃபோன் நம்பரின் முதல் இடத்தில், ஜீரோ விழுந்திருக்கும். அடுத்த வரியில் ஃபோன் நம்பரை எழுதும்போது அது அழிந்திருக்கும். இந்தக் கணக்கைத் தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. ஆனால் அவள் கேட்டது எந்த ஃபங்ஷன் நல்லது என்றில்லை. ஜீரோ விழுமா என்று கேட்டாள். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லியிருந்தால் போதும்.

ஸ்ட்ர்என்காப்பியின் கதையை அப்புறம்தான் தேடிப் படித்தேன். பழைய யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில், கோப்புகளின் பட்டியலான டைரக்டரியில் ஒரு பதிவு 16 பைட்: கோப்பை அடையாளம் காட்டும் ஐநோடு எண்ணுக்கு 2, கோப்பின் பெயருக்கு 14. பெயர் 14 எழுத்தும் இருந்தால் ஜீரோ தேவையில்லை, ஏனென்றால் அகலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறைவாக இருந்தால் மிச்சம் முழுக்க ஜீரோ. அப்போதுதான் இரண்டு பதிவுகளை முழுதாக வைத்து ஒப்பிட முடியும். இப்படிப்பட்ட அளவு மாறாத கட்டங்களை நிரப்பத்தான் இந்த ஃபங்ஷன் வந்தது. ஐந்து எழுத்தை 4096 பைட் பஃபரில் போடச் சொன்னால் மீதி 4091 இடத்திலும் ஜீரோ நிரப்பும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். பத்திரமான ஸ்ட்ர்காப்பி என்று அதற்கு நாம்தான் பெயர் கொடுத்தோம். ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டும் ஸ்ட்ர்என்கேட், அதன் பக்கத்திலேயே இருப்பது, எப்போதும் கடைசியில் ஜீரோ வைக்கும். ஆனால் அந்த ஜீரோ 'என்' கணக்கில் சேராது. ஒரே எழுத்துக்கு இரண்டு அர்த்தம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காரர்கள் 1998-லேயே, கடைசியில் ஜீரோவை உறுதியாக வைக்கும் ஸ்ட்ர்எல்காப்பியைக் கொண்டுவந்துவிட்டார்கள். லினக்ஸில் பரவலாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சி அதைச் சேர்த்துக்கொண்டது 2023-ல்.

இந்த வரலாறு தெரிந்ததும் மனம் கொஞ்சம் லேசானது உண்மை. பெயரே ஏமாற்றுகிறது, நான் ஒருவன் என்ன செய்ய முடியும் என்று தோன்றியது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதமான ஒரு பெண் மேனுவல் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பெயர் அவளை ஏமாற்றவில்லை.

திருத்தம் ஒரே வரிதான், இடத்துக்குள் அடக்கிக் கடைசியில் ஜீரோவும் வைக்கும் எஸ்என்பிரிண்ட்எஃப். கூடவே பெயருக்கான இடத்தை 32 பைட் ஆக்கினோம். அதையும் அவளே செய்தாள். காரண அறிக்கையில் 'டெவலப்பரின் கவனக்குறைவு' என்று இருந்தது. ரிவ்யூ செய்தவன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். கிளம்பும் நாளில் என் மேசைக்கும் வந்து இனிப்பு கொடுத்தாள். அன்றாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

என் கமெண்ட் இன்னமும் அந்த ரிவ்யூவில் இருக்கிறது. அதன் கீழே 'மாற்றிவிட்டேன்' என்று அவள் எழுதியதும் இருக்கிறது. நேரில் வந்து கேட்ட கேள்வி மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.