எலுமிச்சையும் நான்கு புழுக்களும்

ஜூன் 4
தொட்டி எலுமிச்சையின் துளிரெல்லாம் அரைகுறையாகக் கடிபட்டிருந்தது. இலைமேல் பறவை எச்சம் என்று தட்டிவிடப் போனேன், அசைந்தது! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்வரை எச்சம் போலவே தெரியும், பறவைகளை ஏமாற்ற. எண்ணினால் நான்கு. வேப்பெண்ணெய் கலந்து வைத்திருந்தேன். அடிக்க மனசு வரவில்லை. இரண்டு வருஷமாக இந்தச் செடியின் முதல் பூவுக்குக் காத்திருக்கிறேன் என்பதும் உண்மை.

ஜூன் 5
செடி இடுப்புயரம். நான்கு பேருக்குச் சாப்பாடு போடத் தாங்கும். பக்கத்து நாற்றுக்குப் பத்து இலைதான், அதற்கு மட்டும் வலை கட்டினேன். கண்ணி மிகச் சிறிய வலை. பெரிய கண்ணியில் பறவையும் ஓணானும் சிக்கிக்கொள்ளும்.

ஜூன் 9
மூன்றுதான் மிச்சம். காலையில் கொடியில் உட்கார்ந்திருந்த சிட்டைச் சந்தேகப்படுகிறேன். வருத்தமாக இருந்தது, அதன் கூட்டில் குஞ்சு இருக்குமே என்றும் தோன்றியது. மீதியில் இரண்டு பச்சையாகிவிட்டன. லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பை நீட்டி ஒரு நெடி அடித்தது. எவ்வளவு அழகான கோபம்!

ஜூன் 11
அடுக்குச் செம்பருத்தியைப் பிடுங்கிவிடச் சொன்னாள் தோழி. அதில் மகரந்தத் தாள்களே இதழாகிவிடுவதால் தேனீக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அவள் சொல்வது சரி. ஆனாலும் அது அம்மா கொடுத்த குச்சியில் வந்த செடி, பிடுங்க மாட்டேன். பதிலுக்குத் திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளாமல் பூக்கவிட்டிருக்கிறேன். மதியத்துக்குள் தேனீக்கள் வந்துவிட்டன.

ஜூன் 15
இரண்டு கூட்டுப்புழுக்கள், தண்டில் நூல் கட்டித் தொங்குகின்றன. மூன்றாவதைக் காணோம்.
கடினமான முடிவு இன்றுதான். சரவிளக்குகளின் கீழ் இரவில் உட்காருவது எனக்கு அத்தனை பிடிக்கும். விட்டில்கள் பூவுக்குப் போகாமல் விளக்கையே சுற்றிக் களைத்து விழுகின்றன. கழற்றிவிட்டேன். நாற்காலி அங்கேயே இருக்கிறது.

ஜூன் 24
ஒரு கூடு காலி. பக்கத்திலேயே கறுப்பும் மஞ்சளுமாக, ஈரச் சிறகை விரித்துக்கொண்டு அது. தண்ணீர் ஊற்றுவதைத் தள்ளிவைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மொட்டையான கிளைகளில் புதுத் துளிர். நடுவே இரண்டு மொட்டு! சாயங்காலம் வேறொரு வண்ணத்துப்பூச்சி வந்து, மொட்டை விட்டுவிட்டு, துளிரில் வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனது.