காலைக் காட்டுங்கள் ஐயா

மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். “காய்ச்சல்தான் அம்மா, ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள்” என்று வந்தார். காலைக் காட்டச் சொன்னேன். பெண்பிள்ளையிடம் காலை நீட்டுவதா என்று அவருக்குக் கூச்சம். (நர்ஸ் வேலையில் பாதி, இந்தக் கூச்சத்தைக் கடப்பதுதான்.)

விரலிடுக்கில் நத்தை ஓடு கிழித்த புண், சீழ் கோத்திருந்தது. நாற்றுப் பறிக்கச் சேற்றில் இறங்கி ஐந்து நாளாகிறதாம். “வலிக்கவேயில்லை” என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனதால்தான் வலிக்கவில்லை ஐயா! மருத்துவர் பார்த்த கையோடு படுக்கையில் சேர்த்துவிட்டார். சர்க்கரைக்காரர்கள் தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவினால் ஈரம் போகத் துடையுங்கள்.

உடன் வந்த அம்மாவுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறார். பிறகு “மாத்திரை கேட்கவில்லை” என்கிறார். எப்படிக் கேட்கும்? காபி அதை உடம்பில் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விட வேண்டும்.

தஞ்சாவூர்ச் சீமையில் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது லேசா என்ன?

“அதுவரை நான் என்ன செய்வது?” என்று திகைத்தார் அந்த அம்மா.

படுக்கையிலிருந்து பெரியவர் சொன்னார்: “கோலத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடேன்.”