சோப்பு விளம்பரமாகிப்போன ஓவியம்

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் காபி ஆறிவிட்டது.

தாமஸ் ஆன்ஷூட்ஸ் 1880இல் வரைந்த ‘இரும்புத் தொழிலாளர்களின் நண்பகல்’. அமெரிக்காவின் வீலிங் நகரில், ஆணித் தொழிற்சாலை வாசலில் இடைவேளை. பலர் மேல்சட்டை இல்லாமல் வெயிலில் நிற்கிறார்கள். சிலர் கைகால் கழுவுகிறார்கள்.

நடுவில் ஒருவர் தன் புஜத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொள்கிறார்.

என்னால் அந்தக் கையைத் தாண்டிப் போக முடியவில்லை. முதலில் பலத்தைக் காட்டுகிறார் என்றுதான் தோன்றும். முகத்தைப் பாருங்கள், யாருக்கும் எதையும் காட்டவில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு திசையில் பார்க்கிறார்கள். பேச்சே இல்லை. ஓய்விலும் இத்தனை தனிமை!

பெரிய சுவரோவியமாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அகலம் சுமார் 2 அடி, உயரம் அதிலும் குறைவு. இப்போது சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. 1880களிலேயே பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதே காட்சியைத் தழுவி ஐவரி சோப்புக்கு விளம்பரம் போட்டது. வியர்வை இருக்கிறது, வாளி இருக்கிறது, சோப்பு மட்டும்தான் பாக்கி என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. உழைப்பாளியின் களைப்பைக்கூட விற்றுவிடலாம் என்று கண்டுபிடிக்க அதிக காலம் ஆகவில்லை.

கூட்டத்தில் சிறுவர்களும் இருக்கிறார்கள். கட்டிப்புரண்டு விளையாடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற வயசு. சங்கு ஊதினால் அவர்களும் உள்ளேதான் போக வேண்டும்.